நகல் என்னும் புகழ்மொழி: இடைக்காட்டூர் ஆலயத்தைப் பற்றிச் சில எண்ணங்கள்

இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் ஆலயத்தைப் பற்றி நம்மிடையே வழங்கும் துண்டுப் பிரசுரங்களிலும் திருவிழாப் பேச்சுகளிலும் தவறாது இடம்பெறும் தொடர் ஒன்று உண்டு. ‘பிரான்சு நாட்டு ரெய்ம்ஸ் பேராலயத்தின் மறுபதிப்பு’ என்பதே அது. இதைச் சொல்லும்போது சொல்பவர் குரலில் பெருமிதம் ஏறுவதைக் கவனித்திருக்கிறேன். மானாமதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஐரோப்பாவின் பெரும்புகழ் வாய்ந்த கோவிலின் சாயல் நிற்கிறது என்றால் பெருமைப்படுவது இயல்புதான். ஆயினும் அப்புகழ்மொழி அந்த ஆலயத்துக்கு நியாயம் செய்கிறதா என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஒரு பிள்ளையைப் பார்த்து, ‘அப்படியே அப்பனை உரித்து வைத்திருக்கிறான்’ என்பது அன்பான பேச்சு. அவன் வளர்ந்து, உழைத்து, குடும்பம் தாங்கிய பின்னும் அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தால், அவன் செய்த எதையும் நாம் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில், மானாமதுரைக்கு முன்னால் முத்தனேந்தல் பக்கம் திரும்பினால் இடைக்காட்டூர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலிருந்து போகிறவர்களுக்கு நரிக்குடி வழி. விருதுநகரிலிருந்து மானாமதுரை செல்லும் ரயில் பாதையும் எங்கள் ஊர்களைத் தொட்டுக்கொண்டு அவ்வழியேதான் போகிறது. ஜூன் மாதம், அதாவது திரு இருதய வணக்க மாதம், பிறந்துவிட்டால் எங்கள் பகுதிப் பங்குகளிலிருந்து வேன் அமர்த்திக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போவார்கள். 1894இல் இந்த ஆலயத்தை எழுப்பியவர் பெர்தினாந்து செல் என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குரு. அன்று இப்பகுதி முழுவதும் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1938இல் மதுரை தனி மறைமாவட்டமாயிற்று. 1987இல் அதிலிருந்து சிவகங்கை பிரிந்தது. இன்று ஆலயம் சிவகங்கை மறைமாவட்டத்துக்கும் நாங்கள் மதுரை உயர்மறைமாவட்டத்துக்கும் உரியவர்களானாலும், வானம் பார்த்த பூமியில் வாழ்வோர்க்கு அது பொதுவான கோவில்.

முதலில் ரெய்ம்சைப் பார்ப்போம். நகல் என்று சொல்வோரில் பலர் மூலத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

பாரிசுக்கு வடகிழக்கே உள்ள ரெய்ம்ஸ், புனித ரெமிஜியார் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பிராங்கியர் மன்னன் குளோவிசுக்குத் திருமுழுக்கு அளித்த ஊர். அந்த நினைவின் காரணமாகவே பிரான்சின் மன்னர்கள் பெரும்பாலோர் அங்கே முடிசூடினார்கள். 1429இல் புனித ஜோன் ஆஃப் ஆர்க் தம் கொடியோடு நிற்க ஏழாம் சார்லஸ் முடிசூடியதும் அங்கேதான். கடைசி முடிசூட்டு 1825இல் நடந்தது. 1210இல் பழைய கோவில் தீக்கிரையாக, மறு ஆண்டே இன்றைய பேராலயத்துக்கு அடிக்கல் இடப்பட்டது. உள்நீளம் 138 மீட்டர். வளைகூரையின் உயரம் 38 மீட்டர். முகப்புக் கோபுரங்கள் 81 மீட்டர். உள்ளும் புறமுமாக 2,300க்கும் மேற்பட்ட கற்சிலைகள். இது அரசர்களுக்கென்று அரசர்களின் காலத்தில் எழுந்த கோவில். தாது ஆண்டுப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லிச் சொல்லி அஞ்சிய 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் முடிந்து இருபது ஆண்டு நிறைவதற்குள் எழுந்த இடைக்காட்டூர், உழவர்களும் கூலியாட்களும் முழந்தாட்படியிட எழுந்த கோவில். அளவில் மட்டுமல்லாது, ‘யாருக்காக’ என்னும் கேள்வியிலும் இரண்டும் வேறு.

கோதிக் கலை எதற்காகப் பிறந்தது என்பதையும் சற்றே விளக்க வேண்டும். அரைவட்டமாக வளைந்த கூரை தன் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும்; அந்தத் தள்ளலைத் தாங்கச் சுவர் பருத்திருக்க வேண்டும்; பருத்த சுவரில் பெரிய சாளரம் வைக்க இயலாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சின் கொத்தர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வளைவை நடுவில் கூராக்கினால் பாரம் பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்கும். கூரைக்கு விலா எலும்புகள் போன்ற கல்வரிகளைக் கொடுத்தால் அப்பாரம் குறிப்பிட்ட தூண்களில் வந்து சேரும். எஞ்சிய தள்ளலை வெளியே எட்டி நின்று கை நீட்டித் தாங்கும் முட்டுச் சுவர்கள் ஏற்றுக்கொள்ளும். பிறகு தூண்களுக்கு இடையே சுவரே வேண்டியதில்லை. அங்கே கண்ணாடி நிரப்பலாம். பாரிசை அடுத்த புனித தெனி மடத்தின் தலைவர் சூழே 1140களில் தம் கோவிலின் பீடப்பகுதியை இம்முறையில் எடுத்துக் கட்டியபோது, பொருளின் ஒளி வழியாக உள்ளம் இறைவனின் ஒளிக்கு ஏறுகிறது என்னும் இறையியலையும் அதனோடு சேர்த்தே கட்டினார். ஆண்டில் பாதி நாள் மேகம் கவிந்து, குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருள் சூழும் நாட்டில் பிறந்த இறையியல் அது. கூர்வளைவு, விலாக்கட்டு, முட்டுச் சுவர் எல்லாம் ஒரே ஒரு பசிக்காக உண்டானவை: ஒளிப்பசி.

ரெய்ம்சைப் பார்த்துக் கட்டியவர்கள் நம்மவர் மட்டுமல்லர். இதை அறிந்தால் நகல் என்னும் சொல்லின் எடை நமக்கு நன்கு விளங்கும். ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் லெயோன் என்னும் பழைய தலைநகர் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அறிஞர் என்று பெயர்பெற்ற பத்தாம் அல்ஃபோன்சோ மன்னரின் ஆதரவோடு ஆயர் மார்த்தின் ஃபெர்னாந்தஸ் அங்கே புதிய பேராலயம் எழுப்பினார். அதே காலத்தில் புர்கோஸ் பேராலயத்திலும் பணியாற்றிய என்ரிக்கே என்னும் தலைமைக் கொத்தர் இதையும் நடத்தினார். தரை அமைப்பு ஏறத்தாழ ரெய்ம்சின் அமைப்பைச் சுருக்கி வரைந்தது போன்றது. நீளம் 90 மீட்டர். உயரம் 30 மீட்டர். ஆனால் கண்ணாடியில் மட்டும் அவர்கள் சுருக்கவில்லை. சற்றேறக்குறைய 1,800 சதுர மீட்டர் வண்ணக் கண்ணாடி! சுவரே இல்லாத கோவில் என்று சொல்லுமளவுக்குச் சாளரங்கள். ஸ்பெயின் மக்கள் அதை ‘அழகி’ என்று பொருள்படும் இலத்தீன் பெயரால் அழைக்கிறார்கள். படங்களில் பார்த்தாலே உள்ளம் உருகும் என்பதில் ஐயமில்லை.

அழகின் விலையை லெயோன் ஐந்நூறு அறுநூறு ஆண்டுகள் செலுத்திற்று. கோவில் நின்ற இடம் உரோமைப் படையினரின் பழைய நீராட்டுக் கூடத்தின் இடிபாடு. அடித்தளம் சீராக இல்லை. கிடைத்த கல்லும் மென்மையானது. ரெய்ம்சின் மெலிந்த தூண்களையும் அகன்ற சாளரங்களையும் கொண்டுவந்தார்களே தவிர, ரெய்ம்சின் நிலத்தையும் கல்லையும் கொண்டுவர இயலுமா? சுவர்கள் பிளந்தன. அச்சத்தால் சாளரங்கள் சிலவற்றைக் கல்லும் காரையும் வைத்து அடைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் நடுக்கூரையின் மேல் ஒரு கனத்த குவிமாடத்தை ஏற்றியதால் நிலை மேலும் மோசமாயிற்று. 1859இல் அதை இறக்கத் தொடங்கி, பகுதி பகுதியாகக் கோவிலைப் பிரித்துத் திரும்பவும் கட்டி, 1901இல்தான் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். 1966இல் மின்னல் தாக்கிக் கூரை எரிந்தது தனிக் கதை. லெயோனைக் குறைசொல்வது என் நோக்கமன்று. அப்பேராலயம் உலகச் செல்வம். ஒரு கோவிலைப் பார்த்து இன்னொரு கோவில் கட்டுகிறவர் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணைக் கேட்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு அது சாட்சி.

இப்போது இடைக்காட்டூருக்கு வருவோம். செல் அடிகளார் கூர்வளைவை எடுத்துக்கொண்டார், விலாக்கட்டை எடுத்துக்கொண்டார், ஊசிமுனைச் சிறு கோபுரங்களையும் வானதூதர் சிலைகளையும் எடுத்துக்கொண்டார். கண்ணாடிச் சுவரை எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஒரு மறுப்பில்தான் அந்த ஆலயத்தின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் நாட்டில் ஒளிக்குப் பஞ்சமில்லை. பங்குனி தொடங்கி ஆவணி வரை எங்கள் பகுதியில் கண்ணைக் கூசவைத்து, தலையைப் பிளந்து, கண்மாய்களின் அடிமண்ணைப் பாளம் பாளமாக வெடிக்கச் செய்யும் அளவுக்கு ஒளி உண்டு. இங்கே மனிதன் ஏங்குவது நிழலுக்கு. திருப்பாடல்களில் ஆண்டவர் ஒளியாகவும் போற்றப்படுகிறார். நிழல் தருபவராகவும் போற்றப்படுகிறார். ரெய்ம்ஸ் முதலாவதை எடுத்துக் கோவிலாக்கிற்று. இடைக்காட்டூர் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. சித்திரை மாதத்து நண்பகலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளிமுற்றத்தைத் தாண்டி உள்ளே காலடி வைத்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். முதலில் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறுகிறது. பின்னர்தான் கண் பழகி வளைவுகள் புலப்படத் தொடங்குகின்றன. ‘அந்தக் காலத்துக் குளிர்சாதனம்’ என்று வழிகாட்டுவோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கையில் உண்மை இருக்கிறது.

அக்குளிர்ச்சியைத் தருவது மண். இடைக்காட்டூரின் வளைவுகளும் வரிகளும் முனைகளும் கல்லில் செதுக்கப்பட்டவை அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களில் அச்சிட்டுச் சுட்ட செங்கற்களாலும் ஓடுகளாலும் ஆனவை. இதன் பொருளை நாம் ஆழ்ந்து எண்ணிப் பார்ப்பதில்லை. கல்லில் வேலை செய்பவன் தேவையற்றதை வெட்டி எறிந்து உருவத்தை வெளிக்கொணர்கிறான். தவறு நேர்ந்தால் அந்த இடத்தில் திருத்தலாம். அச்சில் வேலை செய்பவனோ கூரையின் கடைசி வரியையும் தூணின் கடைசி மூலையையும் முன்னரே மனத்தில் கண்டிருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் என்ன வளைவு, என்ன சரிவு, எத்தனை கல் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற மரஅச்சு செய்து, பச்சைக் கல் உலர்ந்து காளவாசலில் வெந்து வரும்போது எவ்வளவு சுருங்கும் என்பதையும் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும். சுருக்கத்தைத் தவறாகக் கணித்தால் வளைவின் உச்சியில் கடைசிக் கல் அமராது. ரெய்ம்சைக் கட்டிய கொத்தர்களுக்கு இந்தக் கலை தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. எந்த இடத்தில் இடைக்காட்டூர் ரெய்ம்சைப் பார்த்து எழுதியதோ அந்த இடத்தில்கூட வேறு மொழியில் எழுதியிருக்கிறது.

மண்ணைப் பிசைந்து உருவாக்கும் கைகளுக்குப் பெயர்போன வட்டாரம் இது என்பதும் தற்செயலன்று. மானாமதுரைப் பானைகளையும் அடுப்புகளையும் அறியாத வீடு தென்மாவட்டங்களில் இல்லை. கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் மானாமதுரைக் கடம் கண்மாய் மண்ணில் பிறப்பது. 2023இல் அவ்வூர் மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ரெய்ம்சின் தரையில் ஒருகாலத்தில் சுழல்வழிக் கோலம் ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. அதன் மூலைகளில் கோவிலைக் கட்டிய நான்கு தலைமைக் கொத்தர்களின் பெயர்கள் இருந்தன. 1779இல் அக்கோலம் அழிக்கப்பட்டாலும் பெயர்கள் வரலாற்றில் நின்றுவிட்டன. நம் துண்டுப் பிரசுரங்களில் காணப்படும் பெயர் குருவானவருடையது ஒன்றே. அச்சு செய்த தச்சரையும் மண் மிதித்தவரையும் சூளை மூட்டியவரையும் ஒரு வரியிலேனும் நினைவுகூர்ந்தால் என்ன?

இடையில் ஒரு செய்தி சொல்லத் தோன்றுகிறது. சித்தர் பதினெண்மருள் ஒருவராகிய இடைக்காடரோடு தொடர்புடையது இடைக்காட்டூர் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. அவரைப் பற்றி வழங்கும் கதை இது: பெரும்பஞ்சம் வரப்போவதை முன்னுணர்ந்த இடைக்காடர், வரகைச் சேற்றோடு குழைத்துத் தம் குடிசைக்குச் சுவர் வைத்தாராம், ஆடுகளுக்கு எருக்கிலை தின்னப் பழக்கினாராம். பஞ்சம் வந்தது. எருக்கிலை தின்ற ஆடுகள் அரிப்புத் தாங்காமல் சுவரில் முதுகைத் தேய்க்க, உதிர்ந்த வரகை எடுத்துப் பாலில் சமைத்து அவர் பிழைத்திருந்தாராம். கிறிஸ்தவ இதழில் சித்தர் கதை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். சுவர் என்பது மறைப்பதற்கு மட்டுமல்லாது, வறட்சிக் காலத்தில் உயிரைக் காப்பதற்கும் உரியது என்று இதே மண்ணில் ஒருவர் நினைத்திருக்கிறார் அல்லவா? அதற்காகத்தான்.

செல் அடிகளாரின் ஆலயத்துக்கு ஐரோப்பாவில் உறவு தேடியே ஆகவேண்டுமென்றால் நான் ரெய்ம்சைச் சொல்ல மாட்டேன், ஆல்பியைச் சொல்வேன். பிரான்சின் தெற்கே ஆல்பி என்னும் நகரில் புனித செசிலியாளின் பேராலயம் இருக்கிறது. 1282இல் தொடங்கப்பெற்றது. முழுவதும் செங்கல். உயர்ந்து பருத்த சுவர், குறுகிய சாளரம், வெளியே பறக்கும் முட்டுச் சுவர்கள் கிடையா. பார்ப்பவர்க்குக் கோட்டை போலத் தோன்றும். அங்கிருந்து தொலைவில் இல்லாத துலூஸ் நகரமும் செங்கல் நகரமே. புனித தோமா அக்குவினாரின் திருப்பண்டங்கள் வைக்கப்பட்டிருக்கும் டொமினிக்கர் கோவிலும் அங்கே செங்கல்லால் எழுந்ததுதான். கல் அரிதாகவும் களிமண் மலிவாகவும் இருந்த தென்பிரான்சு, வடக்கத்திக் கோதிக் வடிவத்தை வாங்கித் தன் மண்ணில் வேகவைத்துக்கொண்டது. 1894இல் மதுரை மறைத்தளத்தை நடத்தியவர்கள் இயேசு சபையின் துலூஸ் மாநிலத்தார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். வடிவத்துக்கு ரெய்ம்ஸ் என்று வைத்துக்கொண்டாலும், அதைச் செங்கல்லில் நினைக்கும் பழக்கம் அந்தச் சபையின் வீட்டு வழக்கம். ஆனாலும் ஆல்பி என்று சொன்னால் நம் மக்களுக்குப் பெருமை ஏறாது. ரெய்ம்சில்தானே அரசர்கள் முடிசூடினார்கள்!

திரு இருதயத்துக்கு இந்த ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்டதும் அக்காலத்தின் அடையாளமே. பாரே-லெ-மோனியால் நகரில் புனித மார்கரீத் மரியாளுக்கு 1670களில் கிடைத்த காட்சிகளும், அவருக்குத் துணைநின்ற புனித குளோத் கொலோம்பியேர் என்னும் இயேசு சபைக் குருவும் அந்த வணக்கத்தின் தொடக்கம். 1856இல் ஒன்பதாம் பயஸ் அதைத் திருச்சபை முழுவதற்கும் உரிய திருவிழாவாக்கினார். 1899இல் பதின்மூன்றாம் சிங்கராயர் உலகையே திரு இருதயத்துக்கு அர்ப்பணித்தார். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே பிரான்சிலிருந்து புறப்பட்ட குருக்கள் அந்தப் பக்தியைத் தங்கள் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்கள் எனலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் திரு இருதயத்தைப் பற்றிச் சுற்றுமடல் எழுதியபோது, பழைய பக்தி என்று ஒதுக்கிவைத்தவர்கள்கூட அதைத் திரும்பிப் பார்த்தார்கள். இதை மேலும் விரிக்கப் புகுந்தால் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

நகல் என்று புகழ்வதால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கெட்டிருக்கிறது, அது எங்கள் கரிசல் காட்டில் கண்ணுக்குத் தெரிகிறது. இடைக்காட்டூருக்கு வேனில் போய்வந்த ஊர் ஒன்று, தானும் அதைப் போல ஒரு கோவில் கட்ட விரும்புகிறது. எதைப் போல? அவர்கள் காதில் விழுந்ததெல்லாம் ‘வெளிநாட்டு வடிவம்’ என்பதுதான். ஆகவே ஊரில் இருந்த சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட சிற்றாலயத்தை இடித்து, கான்கிரீட் தூண் நிறுத்தி, தட்டையான கான்கிரீட் தளம் போட்டு, முகப்பில் மட்டும் கூர்வளைவை ஒட்டுகிறார்கள். அந்தக் கூர்வளைவு எதையும் தாங்கவில்லை. அதற்கு மேலே ஒரு கான்கிரீட் உத்தரம் பாரத்தையெல்லாம் சுமந்துகொண்டிருக்க, இது ஓவியத்தில் எழுதிய மீசை போல வெறுமனே நிற்கிறது. தளமோ பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவு எட்டு மணி வரை கீழே கக்குகிறது. மாலைத் திருப்பலியில் பத்து மின்விசிறிகள் சுழன்றும், முதியோர் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். கரிசல் மழையில் பொதுமி வெயிலில் சுருங்கும் இயல்புடையது என்பதைக் கருதாமல் அடித்தளம் போட்ட இடங்களில், ஐந்தாம் ஆண்டே சுவரில் மூலைவிட்டமாக வெடிப்பு ஓடுகிறது. உவர்நீரில் குழைத்த கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழுகிறது. நூறாண்டு நின்றதை இடித்துவிட்டு, முப்பது ஆண்டு நிற்குமா என்று தெரியாத ஒன்றைக் கட்டிய இடங்கள் பல.

இடிக்காமல் வைத்துக்கொண்ட இடங்களிலும் நிம்மதியாக மூச்சுவிட முடியவில்லை. இதை நான் சுவரின் சார்பாகவே சொல்கிறேன். சுண்ணாம்புச் சாந்து பூசிய செங்கல் சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை ஏற்று, வெயில் காலத்தில் வெளியே விடும். அதன் மேல் சிமெண்டுப் பூச்சும் அதற்கு மேல் எனாமல் சாயமும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்படும், உப்புப் பூக்கும், செங்கல் பொரிந்து உதிரும். உபயதாரர் பெயர் பொறித்த பளிங்குக் கல் மட்டும் பளபளப்பாக இருக்கும். பந்தல்குடிப் பக்கத்துப் பூமியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அது சிமெண்டாவதற்காகப் போகிறது. கரிசலுக்கு அடியில் கிடக்கும் சுக்கான்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியவர்கள் நம் பாட்டன்மார். அந்த அறிவு ஒரு தலைமுறையில் தேய்ந்துவிட்டது.

மக்களைக் குறைசொல்வது எளிது. அதைச் செய்ய எனக்கு மனமில்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் விலை கிடைக்காத ஆண்டிலும் கோவில் வரியை நிறுத்தாதவர்கள் அவர்கள். திருப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் முதல் பங்கைக் கோவிலுக்கு ஒதுக்குபவர்கள். தலைமுறை தலைமுறையாகத் தாழ்ந்த கூரைக்குக் கீழே குனிந்து நுழைந்தவர்கள், தங்கள் ஆண்டவருக்கு நிமிர்ந்த ஒரு வாசல் வேண்டும் என்று கேட்கும்போது, ‘பழையதே அழகு’ என்று வசதியாக வாழ்பவர் எவரும் அறிவுரை சொல்லும் தகுதி பெற்றவரல்லர். உயரம் வேண்டும் என்னும் அந்த ஆசை நேர்மையானது. 1211இல் ரெய்ம்சிலும் அதே ஆசைதான் இருந்தது. ஆசையில் குற்றமில்லை. அதற்கு நாம் காட்டும் மாதிரியில்தான் கோளாறு. மாதிரியைச் சரியாகக் காட்ட வேண்டியவர்கள் குருக்களாகிய நாங்கள். எங்கள் பயிற்சிக் காலத்தில் கட்டடத்தைப் பற்றி ஒரு பாடம்கூட இருந்ததில்லை.

மற்றொரு பக்கத்தாரையும் விட்டுவிடுவதற்கில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று 123ஆம் எண்ணில் கூறுகிறது. அதன் பின் நம்மிடையே, கோதிக் என்றாலே அந்நியம், காலனியாதிக்கத்தின் எச்சம் என்று சொல்லும் ஒரு போக்கு வளர்ந்தது. கருத்தில் நியாயம் உண்டு. ஆனால் கட்டியவை என்ன? அதே கான்கிரீட் கூடம். அதே தட்டைத் தளம். கூர்வளைவு இருந்த இடத்தில் சிமெண்டுத் தாமரை, சிமெண்டு விளக்கு, சிமெண்டுக் கோபுரம். ஒட்டுப்பொருள் மாறியதே தவிர ஒட்டும் வழக்கம் மாறவில்லை. திருச்சுழித் திருமேனிநாதர் கோவில் மண்டபத்தில் வெயில் நேரத்தில் ஒதுங்கியவர்களுக்குத் தெரியும், அங்கே தாமரை தரும் குளிர்ச்சியைவிடக் கல்தளமும் தூண்களின் நெருக்கமும் அளவாக விட்ட வெளிச்சமும் தரும் குளிர்ச்சி பெரிது என்பது. அந்த நிழலை இரவல் வாங்கியிருந்தால் அது பண்பாட்டுமயமாதல். அந்த அளவுகோலில் பார்த்தால், பிரெஞ்சுக் குரு ஒருவர் கட்டிய இடைக்காட்டூர், நம்மவர் கட்டிய பல ‘தமிழ்ப் பாணி’ ஆலயங்களைவிடத் தமிழ் மண்ணுக்கு நெருக்கமானது. இப்படிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம்.

கான்கிரீட்டின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை என்பதற்கு ரெய்ம்சே சாட்சி சொல்லட்டும். 1914 செப்டம்பரில் முதல் உலகப் போரின் குண்டுவீச்சில் அப்பேராலயம் தீப்பற்றி எரிந்தது. மரக்கூரை சாம்பலாயிற்று, கூரைமேல் வேய்ந்திருந்த ஈயம் உருகி வழிந்தது, சிரிக்கும் வானதூதர் என்று உலகறிந்த சிலையின் தலை உடைந்து வீழ்ந்தது. அப்போது இடைக்காட்டூர் ஆலயத்துக்கு வயது இருபது. போருக்குப் பின் புதுப்பித்த கட்டடக் கலைஞர் ஆன்றி தெனோ, எரிந்த மரக்கூரைக்கு மாற்றாகக் கான்கிரீட்டையே கையாண்டார். ஆனால் எப்படி? சிறு சிறு உறுப்புகளாக வார்த்து, தச்சர் மரத்தைப் பூட்டுவது போல ஒன்றோடொன்று பூட்டி, பழைய கல் வளைகூரைக்கு மேலே, எவர் கண்ணையும் ஏமாற்றாத இடத்தில் அமைத்தார். கான்கிரீட்டுக்குக் கல் வேடம் போடவில்லை. 1938இல் பேராலயம் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஆக, நாம் எதன் நகல் என்று பெருமைப்படுகிறோமோ அந்த மூலத்தின் கூரை இன்று கான்கிரீட். இடைக்காட்டூர் இன்னும் சுட்ட மண்ணாகவே நிற்கிறது.

இனி எங்கள் பக்கத்துக் கேள்வி. இடைக்காட்டூரைக் கரிசலில் அப்படியே கட்ட முடியாது. கரிசல் மண் செங்கல்லுக்கு ஆகாது, காயும்போதே வெடிக்கும். செல் அடிகளாரின் வழியில் நடப்பதென்றால் அவர் கேட்ட கேள்வியை நாங்கள் எங்கள் மண்ணிடம் கேட்க வேண்டும். இங்கே என்ன கிடைக்கிறது? சுக்கான்கல் கிடைக்கிறது, சுண்ணாம்பு கிடைக்கிறது, பனை இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. கல் தூண்கள் உண்டு. இடிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்து தேக்கும் ஓடும் மலிவாகக் கிடைக்கின்றன. உயரமான ஓட்டுக் கூரை, மூன்று பக்கமும் தாழ்வாரம், மேலே வெப்பம் வெளியேற ஒரு திறப்பு, கிழக்கும் மேற்கும் சிறுத்து வடக்கில் அகன்ற சாளரங்கள்: இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கோதிக். கட்டடக் கலை பயின்ற இளைஞர்கள் நம் மறைமாவட்டத்தில் இன்று நிறையவே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். பங்குப் பேரவைகள் ஒப்பந்தக்காரரிடம் போவதற்கு முன் அவர்களிடம் போகலாம்.

புதிதாகக் கட்டுவதற்கு முன்னால் இருப்பதைக் காக்கும் வேலை காத்திருக்கிறது. எங்கள் பங்கின் கிளைக்கிராமம் ஒன்றில் நூறாண்டைத் தாண்டிய சிற்றாலயம் உண்டு. சுண்ணாம்புச் சுவர், நாட்டு ஓடு. இடிப்பதா, பழுது பார்ப்பதா என்று ஓராண்டாகப் பேச்சு நடந்து, இப்போதைக்குப் பழுது பார்ப்பது என்று ஊர் ஒப்புக்கொண்டிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் சிமெண்டுப் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுண்ணாம்பு நீற்ற குழி வெட்டியாயிற்று. கடுக்காயும் கருப்பட்டியும் வாங்கிவிடலாம். சாந்து அரைக்கும் பக்குவம் தெரிந்தவர்தாம் அகப்படவில்லை. பழைய முறையில் சாந்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் எவரேனும், எவ்வளவு முதியவரானாலும், உங்கள் ஊரில் இருந்தால் இதழின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். அவர் சாரத்தில் ஏற வேண்டாம். நாற்காலியில் அமர்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும்.